இருநூற்றுப் பதினான்கு பக்க வண்டி

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம். தங்கள் சின்னக்காவும் சௌக்கியம். வாசலில் நிற்கும் வண்டிதான் சௌக்கியமாக இல்லை. அங்கு தாங்களும் தங்கள் இல்லாளும் பிள்ளைகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சௌக்கியத்தை விட்டு ஓரடி நகர்ந்தவர் இல்லையே தாங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் நான் "வண்டி" என்று வாயெடுத்ததும், அந்த வண்டிக்கு அப்பன் யார், பாட்டன் யார், எந்த வருடம் முன்விளக்கை மாற்றினார்கள் என்று தாங்கள் வம்சாவளி சொல்ல ஆரம்பித்து, நான் விஷயத்துக்கு வரும் நேரத்தில் "அத்தான், இன்னொரு கால் வருது" என்று வைத்துவிட்டீர்கள். தவிரவும், போனில் பேசினால் பதிவு இருக்காது. முப்பத்து நான்கு வருடம் ஆவண அறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுத்தில் இல்லாத ஒன்று நடக்கவே இல்லை என்பதுதான் எங்கள் அறையின் சட்டம். ஆகவே நடந்தது அத்தனையையும் எழுத்தில் வைக்கிறேன். இதற்கு ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொள்வேன்.

முதலில் சங்கதி என்ன என்பதை நினைவூட்டிவிடுகிறேன், தாங்கள் மறந்திருக்கலாம். தங்கள் பெரியக்காவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மாற்று மூட்டு வைப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் நாள் குறித்தார்கள். அவர் தனியாகக் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். ஆப்பரேஷன் முடிந்தபின் மூன்று மாதம் யார் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது என்று நாம் எல்லோரும் போனில் கூடிப் பேசினோம். தங்கள் வீடு தரைத்தளம், ஆனால் விருந்தினர் அறையில் பெயிண்ட் வேலை நடக்கிறது என்றீர்கள். அந்த அறையில் ஆறு மாதமாகப் பெயிண்ட் வேலை நடக்கிறது. கோட்டைச் சுவருக்குக்கூட அவ்வளவு நாள் ஆகாது. கடைசியில் தங்கள் சின்னக்காதான் "நான் கூட்டிட்டு வந்து வச்சுக்கறேன்" என்றாள். அம்மா போன பிறகு தங்களுக்குத் தலைவாரி, சட்டைப் பொத்தான் மாட்டி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் பெரியக்கா. குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

அடுத்து, வாரம் மூன்று நாள் அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்கு அழைத்துப்போக வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வாடகை வண்டி வேண்டாம் என்று பெரியக்கா ஒரே பிடியாக நின்றார். "நான் ஒரு காலக் கீழ வைக்கறதுக்குள்ள அவன் ரெண்டு ஹார்ன் அடிப்பான், எனக்கு அந்த அவமானம் வேணாம்" என்றார். அதுவரை பெயிண்ட் டப்பாவுக்குள் ஒளிந்திருந்த தாங்கள் அப்போதுதான் வெளியே வந்தீர்கள். "அத்தான், அப்ப ஒரு வண்டி வாங்கிடுங்க! பழைய ஐரோப்பிய வண்டி!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அக்காவைப் பற்றி நான்கு நிமிடம், வண்டியைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினீர்கள். நேரம் குறித்து வைத்திருக்கிறேன்.

தங்கள் உபதேசத்தைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், பிழை இருந்தால் மறுத்து எழுதலாம். புதுத் தலைமுறை வண்டி கூடவே கூடாது, அதில் எஞ்சினைவிடத் திரை பெரிது. அதற்கு முந்தைய தலைமுறையில்தான் ஐரோப்பியன் மனசாட்சியோடு வண்டி செய்தான். அந்தத் தலைமுறையிலும் முதல் இரண்டு வருடத்து வண்டி ஆகாது, அப்போது அவனே கற்றுக்கொண்டிருந்தான். கடைசி இரண்டு வருடத்து வண்டியும் ஆகாது, அப்போது அவனுக்கே அலுத்துப்போயிற்று. நடுவில் வந்தவைதான் சொக்கத் தங்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைச் சாத்தினால் "தப்" என்று கேட்க வேண்டும், "டங்" என்று கேட்கக் கூடாது. "அந்த தப் சத்தத்துலயே தெரிஞ்சிடும் அத்தான், இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்று தாங்கள் சொன்ன தோரணையில், தாங்கள் இருபது வண்டி வைத்து ஓட்டிய மனிதர் என்றே நான் நம்பிவிட்டேன்.

வண்டியை ஓட்டப் போவது நானில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தங்கள் சின்னக்கா ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தேர்விலேயே உரிமம் வாங்கிவிட்டாள். நான் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை தேர்வு அதிகாரி பாதி வழியில் இறங்கிக்கொண்டு, "நீங்க மெதுவா வாங்க சார், நான் நடந்தே போயிடறேன்" என்றார். அதனால் வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டோம்: ஓட்டுவது அவள், தேர்ந்தெடுப்பது நான். பிரித்ததும் நான்தான். "ஓட்டறவ நான், ஒரு தடவ ஒக்காந்து பாக்கவாவது வேணாமா?" என்று அவள் கேட்டாள். பெண்கள் வந்தால் நிறத்தைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லி அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அந்த வாக்கியத்தை அவள் இப்போது காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பழைய வண்டி விற்பவர்கள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு தரகர் கிடைத்தார். எந்த வண்டியைக் காட்டினாலும் "சிங்கிள் ஓனர் சார்" என்பார், அதனால் அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே சிங்கிள் ஓனர்தான். நான் தங்கள் சொற்படி ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கதவைத் திறந்து, காதை அருகில் வைத்துக்கொண்டு, சாத்தினேன். டங். அடுத்தது, டங். பத்தொன்பது வண்டி, எழுபத்தாறு கதவு. ஒரு கதவின் கைப்பிடி என்னோடு வந்துவிட்டது. சிங்கிள் ஓனர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சார், நீங்க வாங்க வந்தீங்களா, சாத்த வந்தீங்களா?" என்று கேட்டார். கடைசியாக ஒரு வண்டி "தப்" என்றது. ஆனந்தப்பட்டு உள்ளே ஏறிப் பார்த்தால், முன் பெட்டியில் நான்கு வெவ்வேறு ஆட்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், நான்கு மூக்குக் கண்ணாடிகள், ஒரு பல்செட். "ஒரே ஓனர்னு சொன்னீங்களே?" என்றேன். "ஒரே ஓனர்தான் சார், குடும்பம் கொஞ்சம் பெரிசு" என்றார். கதவு "தப்" என்றதற்குக் காரணம், கதவுக்குள் மழைநீரில் ஊறிப்போயிருந்த பஞ்சு என்று பிறகு தெரிந்தது. அந்தத் தெருப் பக்கம் அப்புறம் நான் போகவில்லை.

இப்படி ஏழு வாரம் போயிற்று. ஆப்பரேஷனுக்கு ஒரு வாரம் இருந்தபோது, நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டுப் பார்த்தேன்: முந்தைய தலைமுறை ஐரோப்பிய வண்டி, நடு வருடத்து வண்டி, முழுப் பராமரிப்புப் பதிவுகளுடன். மாப்பிள்ளை, "முழுப் பராமரிப்புப் பதிவுகளுடன்" என்ற மூன்று சொற்களைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விற்பவர் ஒரு பல் டாக்டர். வீட்டின் முன்னாலேயே கிளினிக். என்னை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்து, மேலே இருந்த விளக்கைப் போட்டு, மடியில் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். பச்சைத் துணி அட்டை. முதல் பக்கத்தில் பொருளடக்கம். பன்னிரண்டு வருடத்து ரசீதுகளும் தேதி வரிசையில், ஒவ்வொன்றுக்கும் பக்க எண், ஒரே பாகம் இரண்டாம் முறை மாற்றப்பட்டிருந்தால் முந்தைய பக்கத்துக்குச் சிவப்பு மையில் மேற்கோள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் அப்படி ஒரு கோப்பை நான் கண்ணால் கண்டதில்லை. என் கீழே வேலை பார்த்த பதினோரு பேரையும் அழைத்துவந்து அதன் முன்னால் நிற்கவைக்க வேண்டும்போல இருந்தது. இரண்டரை மணி நேரம் படித்தேன். நடுவில் பல்வலியோடு வந்த ஒருவர் எனக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்தார், நான் சிகிச்சைக்கு வந்தவன் என்று நினைத்து "ரொம்ப வலியா சார்?" என்று பரிவோடு கேட்டார். படித்து முடித்ததும் டாக்டர், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றார். "தேவையில்லை, நான் முழுசாப் படிச்சிட்டேன்" என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டு வருடம் கூட இருந்த வண்டியைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து நான்தான் அவரைத் தேற்றினேன்.

டாக்டரே ஓட்டிக்கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றதற்கு, நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு நடந்தார். தெருமுனை திரும்பும்போது கொஞ்சம் ஓடின மாதிரியும் இருந்தது. தங்கள் சின்னக்கா வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தாள். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் பெருமையாகக் கோப்பை நீட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "ஏங்க, இவ்ளோ பில்லு இருக்கே, அப்ப இவ்ளோ தடவ ரிப்பேர் ஆச்சா?" என்று கேட்டாள். அது பராமரிப்பு, ரிப்பேர் இல்லை என்று விளக்கினேன். "நம்ம ஃப்ரிட்ஜ் பதினாறு வருஷமா ஓடுது. அதுக்கு ஒரே ஒரு பில்லுதான் இருக்கு, வாங்கறப்ப கொடுத்தது" என்றாள். முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் இந்தக் கோணத்தை நான் யோசித்ததே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் தங்கள் சின்னக்கா அறைக்குள் வந்து என்னவோ சொல்ல வந்தாள். எழுதும்போது குறுக்கே பேசாதே என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். எங்கே விட்டேன்? ஃப்ரிட்ஜ்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் விளக்கு மட்டும் வரிசையாக எரிகிறது, எஞ்சின் வாயைத் திறப்பதில்லை. விளக்கு என்றால் ஒன்றிரண்டு இல்லை மாப்பிள்ளை, பதினொன்று. ஒன்றில் தேநீர்க் கெட்டில் மாதிரி ஒரு படம், ஒன்றில் ஆச்சரியக்குறி, ஒன்றில் ஒரு மனிதன் மடியில் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கையேட்டை எடுத்தேன். அது ஐரோப்பாவில் எந்த நாட்டு பாஷையோ, எனக்குப் புரிந்தது பக்க எண் மட்டும்தான். எதிர்வீட்டு டியூஷன் மாஸ்டர் தள்ளிப் பார்க்கலாம் என்றார். தெருவே சேர்ந்து தள்ளியது. தெருக்கோடிவரை போய், தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்து, அதே இடத்தில் நின்றது. கிளம்பவில்லை, ஆனால் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி தானாகக் கீழே இறங்கிக்கொண்டது. ஏற்றினால் ஏறவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. உள்ளே இருக்கை நனைந்துவிடுமே என்று நானே போய்க் குடையை விரித்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டியூஷன் மாஸ்டர் வாசலிலிருந்து, "வெளியூரா சார்?" என்று விசாரித்தார்.

மழை விட்டதும் மெக்கானிக்கைத் தேடிப் போனேன். நாலாவது தெருவில் இருப்பவர், எதைக் கேட்டாலும் "அரை நிமிஷம் சார்" என்பார், எங்கள் பக்கத்தில் அவரை அரைநிமிஷம் என்றுதான் சொல்வார்கள். அரைநிமிஷம் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த பை நழுவியது. "அட, நம்ம வண்டி!" என்றார். பானெட்டைத் திறக்கவில்லை, அதைத் தடவிக்கொடுத்தார். "டாக்டர் வித்துட்டாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சார்! பன்னெண்டு வருஷமா மாசத்துக்கு ஒரு தடவயாவது வந்துட்டிருந்த மனுஷன்!" நான் கோப்பை நீட்டினேன். புரட்டினார். அவர் முகத்தில், பழைய கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிற களை வந்தது. "எல்லாத்துலயும் நம்ம கையெழுத்துதான் சார். நீங்க பாக்கலியா?" நான் பார்த்தேன் மாப்பிள்ளை. தேதி இருக்கிறதா, எண் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கையெழுத்து யாருடையது, எதற்காகப் போட்டது என்று பார்ப்பது எங்கள் அறையின் வேலை இல்லை.

ஜன்னலை மட்டும் அன்றைக்கே சரி செய்து ரசீது கொடுத்தார், அதை இருநூற்றுப் பதினைந்தாம் பக்கமாகச் சேர்த்துவிட்டேன், கை சும்மா இருக்கவில்லை. எஞ்சின் விஷயத்தில் பானெட்டுக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி இருக்கு சார், அது போயிருக்கும்னு நெனைக்கறேன். ஐரோப்பாலேந்து வரணும்" என்றார். எத்தனை நாளாகும் என்றேன். "அரை நிமிஷத்துல கேட்டுச் சொல்றேன்." அது போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. இடையில் சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தபோது வண்டி இரண்டு தடவை கிளம்பியது, அதுவும் கிளம்ப வேண்டிய அவசியம் இல்லாத நேரத்தில். ஆப்பரேஷன் நாளன்று காலையில் கிளம்பவில்லை. தங்கள் சின்னக்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போய், மூன்று நாள் பெரியக்காவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, அறையை ஒழித்து வைப்பதற்காக நேற்று முன்தினம்தான் திரும்பினாள். வந்தவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக அந்த அறைக்குள் போய்விட்டாள். என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை.

நேற்று தங்களுக்குப் போன் செய்தேனே, நினைவிருக்கிறதா? "அத்தான், அது அந்த வண்டியோட குணம். ஐரோப்பிய வண்டிக்குப் பொறுமை வேணும், பேசிப் பழகணும்" என்றீர்கள். பேசிப் பழக அது என்ன புதுச் சம்பந்தியா? எனக்கு அப்போதுதான் ஒரு கேள்வி தோன்றியது. முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். "மாப்பிள்ளை, நீங்க இந்த வண்டிய எத்தன வருஷம் வச்சிருந்தீங்க?" என்றேன். "நானா? நான் எங்க அத்தான் வண்டி வச்சிருக்கேன்? ஆபீஸ் பஸ்ஸு வாசல்லயே வருது. இதெல்லாம் வீடியோல பாக்கறதுதான்" என்றீர்கள். அதைச் சொல்லும்போது தங்கள் குரலில் ஒரு துளிக் கூச்சம்கூட இல்லை. அந்த ஐம்பது நிமிடத்தில் தங்கள் கதவுச் சத்தம், நடு வருடம், சொக்கத் தங்கம் எல்லாவற்றையும் நான் சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். அதையும் இத்துடன் இணைத்திருக்கிறேன், இணைப்பு ஒன்று.

இனிமேல் நேராகவே எழுதுகிறேன், மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை பெரியக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வாடகை வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் ஏற முடியாது. எங்கள் வாசலில் இருப்பது வண்டி இல்லை, கதவை நன்றாகச் சாத்தத் தெரிந்த ஓர் அலமாரி. உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. வாழ்நாளில் யாரிடமும் ஒரு உதவி கேட்காத மனுஷி, முதல் தடவையாக ஒரே ஒரு விஷயம் கேட்டார்: அவசரப்படுத்தாத வண்டி ஒன்று. அதை என்னால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. நீங்கள் பேசினீர்கள், நான் படித்தேன், நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கட்டிலிலேயே விட்டுவிட்டோம். ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே ஓடுகிற வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அவரை அழைத்துப் போக வேண்டும். பெயிண்ட், பஸ், இன்னொரு கால், எதையும் சமாதானமாக ஏற்க மாட்டேன். இந்த வண்டி எங்கள் வாசலை விட்டு ஓரங்குலம் நகராது என்று எழுதித் தருகிறேன். பார்க்கப் போனால், எழுதியே தந்துவிட்டேன்.

வாசலில் யாருடைய வண்டியோ கிளம்புகிற சத்தம். டியூஷன் மாஸ்டர் வீட்டுக்கு வருகிறவர்கள் எப்போதும் நம் கேட்டுக்கு முன்னால்தான் நிறுத்துகிறார்கள். அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

தங்களுக்கும் தங்கள் இல்லாளுக்கும் என் ஆசிகள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, வீடியோ பார்க்காமல் முன்னுக்கு வரட்டும். தங்கள் வீட்டுச் சுவர்கள் விரைவில் காயட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை நம்பிய பாவத்தைச் செய்த
அத்தான்

இணைப்பு: ஒன்று. கோப்பு தனியே வரும்.

பின்குறிப்பு: மாலை நாலரை மணி. மேலே கண்ட அனைத்தையும் ரத்து செய்து படிக்கவும்.

கடிதத்துக்கு நகல் எழுதி முடித்து, சுருக்கெழுத்தையும் விரித்தெழுதி, உறையில் போட்டு, கோந்து எங்கே என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. சமையலறையில் ஆளில்லை. வாசலில் வண்டியும் இல்லை. திருட்டுப் போய்விட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கவில்லை. அப்புறம் மேசையைப் பார்த்தால், வண்டிச் சாவி ஒன்று மட்டும் தனியாகக் கிடக்கிறது. போன் செய்தேன்.

"காலைலயே வந்து சொன்னேனே! ஆஸ்பத்திரிலேந்து கூப்பிட்டாங்க, பெட் வேணுமாம், இன்னைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்றாங்கன்னு. நீங்கதான் கைய ஆட்டுனீங்க. சரின்னு சொல்றீங்கன்னு கெளம்பிட்டேன்" என்றாள் தங்கள் சின்னக்கா.

"எதுல கெளம்பின?"

"வண்டிலதான். நீங்க கட்டி வச்சிருந்த சாவிக் கட்டு முட்டியில இடிச்சுக்கிட்டே இருந்துது. ஒண்ணக் கழட்டி மேசையில வச்சுட்டு வந்து திருப்புனேன். எடுத்துச்சு."

சாவி இரண்டையும் நான்தான் சேர்த்துக் கட்டினேன் மாப்பிள்ளை. அசலும் நகலும் பிரியக் கூடாது என்பது எங்கள் அறைப் பழக்கம். வண்டி வந்த அன்று மாலையே சிவப்பு நாடாவால் இறுக்கி, சீட்டு எழுதி முடிச்சுப் போட்டுவிட்டேன். அரைநிமிஷத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அடடா, ரெண்டையும் ஒண்ணாவா சார் கட்டி வச்சீங்க? ரெண்டுலயும் சிப் இருக்கு சார், எத நம்பறதுன்னு தெரியாம முக்கால்வாசி நேரம் வண்டி பூட்டிக்கும்! நானும் அந்தக் கட்ட வச்சேதான பாத்தேன்!" என்றார். வழியில் நின்றுவிடுமா என்றேன். "நிக்கறதுக்கு உள்ள என்ன சார் பழசு இருக்கு? பன்னெண்டு வருஷத்துல ஒண்ணு விடாம நான் மாத்திட்டேன். இந்த ஊர்லயே இதுதான் சார் நம்பி ஏறக்கூடிய வண்டி." ஆகவே தாங்கள் சொன்னதும் சரி, நான் தேர்ந்தெடுத்ததும் சரி, கோப்பும் சரி. இதைத் தங்களுக்கு எழுத்தில் தர நேர்ந்ததைத் தவிர எனக்கு வேறு வருத்தமில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அக்கா தங்கை இருவரும் இங்கே வரவில்லை, அங்கே தங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறதே என்று அவளிடம் கேட்டேன். தங்கள் சின்னக்கா சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "ஆப்பரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் அக்கா மொதல்ல கேட்டது, தம்பி வந்தானான்னுதான். வர்றதுக்கு வண்டி கெடைக்கலயாம்கா, இல்லேன்னா வந்திருப்பான்னு சொல்லி வச்சேன். இப்ப வண்டில ஏறி ஒக்காந்ததும் சொல்லுது, நமக்குத்தான் வண்டி இருக்கே, பாவம், நாமளே போய் அவனப் பாத்துடுவோம்னு."

இதற்கு மறுப்பாக என்னிடம் எந்தப் பதிவும் இல்லை. நான்கு முறை தங்களைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை; வண்டி விஷயம் என்று நினைத்திருப்பீர்கள். தபாலில் போட்டால் அவர்கள் முந்திவிடுவார்கள் என்பதால், டியூஷன் மாஸ்டரைக் கொண்டு இந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து தங்கள் வீடு இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு தடவை இறங்கி நிற்கச் சொல்லியிருக்கிறாராம் ஆஸ்பத்திரி டாக்டர். ஆறரை மணிக்கு வாசலில் நில்லுங்கள். கதவை நீங்களே திறந்துவிடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், அவர் காலை ஊன்றுவதற்கு நேரமாகும். இடது பக்கமாகப் பிடித்து இறக்குங்கள், வலது பக்கம்தான் ஆப்பரேஷன்.